ஜாஸ் இசைத்தட்டு வியாபாரம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் இசை கேட்கும் குழுவில் ஒரு ஜாஸ் தட்டைப் போட்டால், இசையைப் பற்றி வரும் கேள்விகளைவிடப் பணத்தைப் பற்றி வரும் கேள்விகள்தான் அதிகம். யார் செலவு செய்தார், லாபம் யாருக்குப் போனது, இவ்வளவு பெரிய கலைஞர் ஏன் கஷ்டப்பட்டார். ஒரே சந்தேகம் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருப்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியது, அதிலும் 1940 முதல் 1970 வரையிலான காலம். இன்றைய வழக்கங்களில் பல அப்போது உருவானவை.

தட்டுல "புரொட்யூசர்"னு ஒரு பேர் போடுறாங்களே, அவர் நம்ம சினிமா தயாரிப்பாளர் மாதிரி பணம் போடுறவரா, இல்ல இசையிலயும் தலையிடுவாரா?

சின்ன லேபிள்களில், அதாவது தட்டு வெளியிடும் கம்பெனிகளில், இரண்டும் ஒரே ஆள்தான். ப்ளூ நோட் லேபிளைத் தொடங்கிய ஆல்ஃபிரெட் லயன் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறியவர். 1938 டிசம்பரில் கார்னகி ஹாலில் ஜான் ஹேமண்ட் நடத்திய கச்சேரியில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு பியானோக் கலைஞர்களைக் கேட்டார். அடுத்த மாதமே ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து அவர்களைப் பதிவு செய்தார். லேபிள் அப்படித்தான் பிறந்தது. யாரைக் கூப்பிடுவது, யாரோடு யாரைச் சேர்ப்பது, ஒரே பாட்டைப் பல தடவை வாசித்ததில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் அவர் முடிவு செய்வார். கடனும் அவர் தலையில்தான்.

கொலம்பியா மாதிரி பெரிய கம்பெனியில் பணம் கம்பெனியுடையது, புரொட்யூசர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு பல வருடம் வேலை செய்த டியோ மசெரோ அந்த வகை. 1960-களின் கடைசியில் அவர் மணிக்கணக்கான டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டித்தான் தட்டுகளை உருவாக்கினார். அந்த இடத்தில் புரொட்யூசரும் இசையமைப்பில் ஒரு பங்காளி என்பேன்.

ஒரே நாள்ல முழுத் தட்டையும் முடிச்சிடுவாங்களாமே, நிஜமா?

நிஜம். இசைக்கலைஞர்கள் சங்கத்தின் கணக்குப்படி ஒரு செஷன் மூன்று மணி நேரம். அதைத் தாண்டினால் கூலி ஏறும். அதனால் மதியம் தொடங்கி இரவுக்குள் ஒரு தட்டு முடிந்துவிடும். இந்த வேகத்துக்குப் பெரிய உதாரணம் மைல்ஸ் டேவிஸ். அவர் கொலம்பியாவுக்கு மாறும்போது பிரெஸ்டிஜ் லேபிளுக்குக் கொடுக்க வேண்டிய தட்டுகள் பாக்கி இருந்தன. 1956 மே 11, அக்டோபர் 26 என்று இரண்டே நாள் உட்கார்ந்து நான்கு தட்டுக்கான இசையை வாசித்துக் கொடுத்துவிட்டார். பிரெஸ்டிஜ் அதை ஒவ்வொன்றாகப் பல வருடம் வெளியிட்டது.

அந்தப் பதிவுகள் நடந்த இடம் நியூஜெர்சியின் ஹாக்கென்சாக்கில் ஒரு வீட்டு வரவேற்பறை. பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர், பகலில் கண் பரிசோதனை பார்ப்பவர், வீடு அவருடைய பெற்றோருடையது. 1959-ல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டிக்கொண்டார்.

லேபிளுக்கு லேபிள் ஒரு வித்தியாசம் உண்டு. பிரெஸ்டிஜ் ஒத்திகைக்குக் காசு கொடுக்காது, நேரே வந்து வாசிக்க வேண்டும். ப்ளூ நோட் ஒத்திகை நாட்களுக்கும் கூலி கொடுத்தது. அந்தச் செலவை உங்கள் காதாலேயே கேட்கலாம். பிரெஸ்டிஜில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளும் ப்ளூஸும் நிறைய இருக்கும். ப்ளூ நோட்டில் புதிதாக எழுதிய, சிக்கலான மெட்டுகள் சுத்தமாக வந்திருக்கும்.

வாசிச்சவங்களுக்கு எப்படிக் காசு போகும்? தட்டு விக்க விக்க எல்லாருக்கும் பங்கு உண்டா?

இல்லை. அட்டையில் யார் பெயர் பெரிதாக இருக்கிறதோ அவருக்குத்தான் ராயல்டி, அதாவது விற்பனைப் பங்கு, ஒப்பந்தம். அவருக்கும் முதலில் ஒரு அட்வான்ஸ் கொடுப்பார்கள். அந்த அட்வான்ஸும், பெரும்பாலும் பதிவுச் செலவும், அவருடைய ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். கழிந்து முடிந்த பிறகுதான் கையில் காசு வரும். பலருக்கு அது கழிந்து முடிவதே இல்லை.

பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்கு அன்றைய சங்கக் கூலி, அதோடு சரி. 1959-ல் இரண்டே நாளில் பதிவான மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளைத் தொட்டதாக 2019-ல் சான்று பெற்றது. அதில் ஜான் கோல்ட்ரேன் இருக்கிறார், பில் எவன்ஸ் இருக்கிறார், கேனன்பால் அடர்லி இருக்கிறார். டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் 2020 வரை உயிரோடு இருந்தார். விற்பனையில் பங்கு என்று இவர்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. இதைச் சொன்னால் குழுவில் எப்போதும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். சட்டப்படி தப்பில்லைதான், ஆனால் எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

பாட்டு எழுதினவருக்குத் தனி, தட்டுக்குத் தனின்னு ரெண்டு உரிமை சொல்றாங்க. தலை சுத்துது, கொஞ்சம் விளக்குங்க.

ஒரு தட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று மெட்டு, அதாவது எழுதப்பட்ட இசை. அது இசையமைத்தவருக்கும், மெட்டின் உரிமையை நிர்வகித்துப் பணம் வசூலிக்கும் பப்ளிஷருக்கும் சொந்தம். இன்னொன்று மாஸ்டர், அதாவது அந்தக் குறிப்பிட்ட பதிவு. அது பெரும்பாலும் லேபிளுக்குச் சொந்தம்.

மெட்டுக்கான பணம் தட்டு ஒன்றுக்கு, பாட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று சட்டமே நிர்ணயிக்கும். 1909-ல் வைத்த 2 சென்ட் 1977 வரை மாறவே இல்லை. 2025-ல் அது 12.7 சென்ட். இதில் அட்வான்ஸ் கழிப்பு வழக்கமாகக் கிடையாது. அதனால் தட்டு நஷ்டத்தில் ஓடினாலும் மெட்டுக்காரருக்குக் காசு வரும். வானொலியிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு தட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, வாசித்தவருக்கு இல்லை. இணைய வானொலியில் மட்டும் நிலைமை வேறு. அங்கே வரும் தொகையில் 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, 5 பக்கவாத்தியக்காரர்களுக்கான நிதிக்கு.

ஜாஸில் பணம் மெதுவாகத்தான் வரும். முதல் வருடம் சில ஆயிரம் விற்ற தட்டு நாற்பது வருடம் கழித்தும் விற்றுக்கொண்டிருக்கும். அது வரும்போது உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் மீதிக் கதை தானாகப் புரியும். கீழே வரும் பல பதில்கள் இதன் நீட்சிதான்.

சாக்ஸஃபோன் வாசிச்ச சார்லி பார்க்கர் எல்லாம் பழைய பாட்டோட கார்ட்ஸ எடுத்து புதுப் பேரு வச்சாங்களே, அது திருட்டு இல்லையா?

இல்லை. மெட்டுக்குத்தான் காப்புரிமை, அதற்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களான கார்ட் வரிசைக்கு நடைமுறையில் கிடையாது. 'ஹவ் ஹை தி மூன்' பாட்டின் கார்ட் மேல் புது மெட்டு ஏற்றினால் 'ஆர்னித்தாலஜி'. 'செரோக்கி' கார்ட் மேல் ஏறியது 'கோ-கோ', 1945 நவம்பரில் சவாய் லேபிளுக்குப் பதிவானது. அன்று ஒரு டேக்கில் அவர்கள் 'செரோக்கி'யின் அசல் மெட்டுக்குள் நுழைந்ததும் வாசிப்பு நிறுத்தப்படுவது பதிவில் அப்படியே இருக்கிறது. அசல் மெட்டை வாசித்தால் முந்தைய பதிலில் சொன்ன 2 சென்ட்டை வேறொரு பப்ளிஷருக்குக் கட்ட வேண்டுமே!

ஆக, பார்க்கர் வாசித்த பீபாப் என்ற ஜாஸ் வகையின் ஒரு பகுதி கலை, ஒரு பகுதி செலவுக் கணக்கு. அதனால் அதன் மதிப்பு துளியும் குறையவில்லை. வருத்தம் வேறு இடத்தில். பல லேபிள்கள் சொந்தமாக ஒரு பப்ளிஷிங் கம்பெனியும் வைத்திருந்தன. புது மெட்டின் பப்ளிஷிங் பங்கைக் கலைஞர் ஸ்டூடியோவிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

டிவி விளம்பரம் இல்லாத காலத்துல ஒரு ஜாஸ் தட்டு வந்திருக்குன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?

அட்டையைப் பார்த்து. கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது கை தானாகப் போக வேண்டும். ப்ளூ நோட்டில் லயனின் கூட்டாளி ஃபிரான்சிஸ் வொல்ஃப் பதிவு நடக்கும்போதே படம் எடுப்பார். 1950-களின் நடுவிலிருந்து ரீட் மைல்ஸ் அந்தப் படங்களை வெட்டி, எழுத்துகளைப் பெரிதாக்கி, ஏறக்குறைய 500 அட்டைகளை வடிவமைத்தார். அவர் ஜாஸ் பெரிதாகக் கேட்காதவர் என்பது ஆச்சரியம். அட்டையின் பின்பக்கக் கட்டுரையும் விளம்பரம்தான்.

அப்புறம் ஜூக்பாக்ஸ், காசு போட்டால் தட்டு ஓடும் பெட்டி. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் பார்களில் ஜாஸ் ஓடியது. பத்து நிமிடப் பாட்டை இரண்டாக உடைத்து, சின்னத் தட்டின் இரு பக்கமும் போட்டு அனுப்புவார்கள். பேர்ட்லேண்ட் போன்ற கிளப்களிலிருந்து நேரடி வானொலி ஒலிபரப்பு, 1934 முதல் வரும் 'டவுன்பீட்' பத்திரிகையின் விமர்சனம், இவையும் உண்டு. டிஸ்க் ஜாக்கிக்குப் பணம் கொடுத்துத் தட்டு போட வைக்கும் பழக்கமும் இருந்தது. அதை அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்து 1960-ல் சட்டம் கொண்டுவந்தது.

மங்க் இவ்வளவு பெரிய ஆளாச்சே, அவரை ஏன் நாற்பது வயசு வரைக்கும் யாருக்கும் தெரியல?

பியானோக் கலைஞர் திலோனியஸ் மங்க்கின் விஷயத்தில் விளம்பரம் செய்ய வழியே இல்லாமல் போனது. நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்கப் போலீஸ் தரும் கேபரே கார்டு வேண்டும். 1951-ல் போதைப்பொருள் வழக்கில் அவருடைய கார்டு போய்விட்டது. பில்லி ஹாலிடேக்கு 1947-லேயே அது நடந்திருந்தது. தட்டு வெளியாகும்போது கலைஞர் அந்த ஊர் கிளப்பில் வாசிக்க முடியாவிட்டால் தட்டு கடையிலேயே தூங்கும். 1955-ல் பிரெஸ்டிஜ் மங்க்கை ரிவர்சைடு லேபிளுக்கு விட்டுக் கொடுத்தது. ரிவர்சைடு கட்டிய தொகை 108 டாலர் 27 சென்ட், அவ்வளவுதான்.

ரிவர்சைடின் ஆரின் கீப்நியூஸ் செய்ததைப் புரொட்யூசர் வேலைக்குப் பாடமாக வைக்கலாம். மங்க்கின் இசை புரியாது என்று ஜனங்கள் பயந்ததால் முதல் தட்டில் அவரை டியூக் எலிங்டன் பாட்டுகளை வாசிக்க வைத்தார். தெரிந்த பாட்டு வழியாக ஆளைப் பழக்கப்படுத்திவிட்டு, அப்புறம்தான் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்'. அதன் தலைப்புப் பாட்டை 25 டேக் முயன்றும் ஒருமுறைகூட முழுசாக வாசிக்க முடியாததால் டேப்பை ஒட்டித்தான் முடித்தார்கள். 1957-ல் கார்டு திரும்பக் கிடைத்தது. ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார், நகரமே திரண்டு வந்தது. கார்டு முறை 1967-ல்தான் ஒழிந்தது.

கச்சேரி நடத்துறவங்க எல்லாம் கலைஞரைச் சுரண்டினவங்கதானா? நல்லவங்க யாருமே இல்லையா?

இருந்தார்கள். நார்மன் கிரான்ஸ் பெயரை நான் எப்போதும் முதலில் சொல்வேன். 1944 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் பில்ஹார்மோனிக் அரங்கில் தொடங்கி, 'ஜாஸ் அட் தி பில்ஹார்மோனிக்' என்ற பெயரில் ஊர் ஊராகக் கலைஞர்களை அழைத்துப் போனார். நல்ல சம்பளம், நல்ல ஹோட்டல், நல்ல பயண வசதி. வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்பது அவருடைய ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

1955-ல் ஹூஸ்டனில் அதைச் செய்து காட்டினார். போலீஸ் மேடைக்குப் பின்னால் புகுந்து, பகடை ஆடியதாகச் சொல்லி பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, சாக்ஸஃபோன் கலைஞர் இல்லினாய் ஜாக்கே, கிரான்ஸ் எல்லோரையும் பிடித்துக்கொண்டு போனது. ஆளுக்குப் 10 டாலர் ஜாமீன். கட்டிவிட்டு மறந்திருக்கலாம். கிரான்ஸ் 2,000 டாலருக்கு மேல் செலவழித்து வழக்கை உடைத்தார்.

அவர் வியாபாரியும்தான். ஒரே கச்சேரியில் டிக்கெட் வருமானம், அதைப் பதிவு செய்து தட்டு வருமானம், ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு மேனேஜர் என்ற முறையில் கமிஷன், மூன்றும் அவருக்கு வந்தது. 1956-ல் வெர்வ் லேபிளை அமைத்ததே ஃபிட்ஸ்ஜெரால்டை டெக்கா லேபிளிலிருந்து கூட்டி வந்து, தான் நினைத்தபடி பாட வைக்கத்தான்.

ஜாஸ் திருவிழாக்கள்ல லாபம் வருமா? நியூபோர்ட்டுக்கு அவ்ளோ கூட்டம் வருதே.

டிக்கெட்டை மட்டும் நம்பினால் அபூர்வம். பாஸ்டனில் ஸ்டோரிவில் கிளப் நடத்திய ஜார்ஜ் வைன், நியூபோர்ட் ஊரின் பணக்காரத் தம்பதியான லோரிலார்டுகளின் ஆதரவோடு 1954-ல் நியூபோர்ட் விழாவைத் தொடங்கினார். அதன் உண்மையான பலன் மற்றவர்களின் கணக்கில் ஏறியது. 1955-ல் மைல்ஸ் அங்கே வாசித்ததுதான் கொலம்பியா அவரை எடுத்துக்கொள்ள வழி செய்தது. 1956-ல் எலிங்டன் குழுவில் பால் கொன்சால்வெஸ் 27 சுற்று விடாமல் சாக்ஸஃபோன் வாசிக்க, கூட்டம் எழுந்து ஆட, சரிந்து கிடந்த எலிங்டனின் மார்க்கெட் மறுபடி நிமிர்ந்தது.

கூட்டமே ஆபத்தாகவும் ஆனது. 1960-ல் உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கலவரம் செய்து விழா பாதியில் நின்றது. அதே வருடம் சம்பளமும் கலைஞர்களை நடத்தும் விதமும் சரியில்லை என்று பாஸ் வாசிக்கும் சார்லஸ் மிங்கஸும் டிரம்ஸ் வாசிக்கும் மேக்ஸ் ரோச்சும் பக்கத்திலேயே போட்டி விழா நடத்தினார்கள். 1971-ல் மீண்டும் கலவரம், விழா நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தது. வைன் பிழைத்தது பெரிய கம்பெனிகளின் ஸ்பான்சர் பணத்தால். விழாப் பெயரில் முதலில் ஒரு சிகரெட் பிராண்டும், 1984 முதல் ஜேவிசி என்ற மின்னணுக் கம்பெனியும் ஒட்டிக்கொண்டன.

அரசாங்கமே ஜாஸை விளம்பரம் பண்ணிச்சுன்னு சொல்றது உண்மையா?

உண்மை. பனிப்போர் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை செலவில் 1956-ல் டிஸ்ஸி கில்லெஸ்பி வெளிநாடு போனார். 1958-ல் டேவ் புரூபெக் குழு அப்படித்தான் இந்தியாவுக்கு வந்தது, மதராஸிலும் வாசித்தது. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கனோவர் 1955 முதல் நடத்திய நிகழ்ச்சி கிழக்கு ஐரோப்பாவில் ஒரு தலைமுறையையே ஜாஸ் ரசிகர்களாக்கியது. உள்நாட்டில் கறுப்பினக் கலைஞருக்கு ஹோட்டல் அறை மறுக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே காலம் அது.

ஒரு தட்டு ஹிட் ஆனா லேபிள் நல்லா இருக்கணுமே, ப்ளூ நோட் ஏன் ஹிட் கொடுத்துட்டு வித்துட்டாங்க?

1964-ல் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' எதிர்பாராமல் ஓடியது. பின்னாலேயே ஹொரேஸ் சில்வரின் 'சாங் ஃபார் மை ஃபாதர்'. தட்டு அச்சடிக்கும் ஆலைக்கு லேபிள் உடனே பணம் கட்ட வேண்டும். கடைகளுக்குப் போடும் விநியோகஸ்தர்களோ மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், விற்காததைத் திருப்பியும் அனுப்புவார்கள். ஆக, ஆர்டர் கூடக் கூட லேபிளின் கைக்காசு வெளியே போய்க்கொண்டே இருக்கும். அடுத்த ஹிட் எங்கே என்று கேட்டு, அது வந்தால்தான் பழைய பாக்கியைத் தருவது விநியோகஸ்தர்களின் வழக்கம். அறுவடை அமோகம், ஆனால் வியாபாரி பணம் தராமல் விவசாயி அடுத்த விதைக்குக் கடன் வாங்குவது போலத்தான் இது.

உடல்நிலையும் சரியில்லாத லயன் 1960-களின் நடுவில் லேபிளை லிபர்ட்டி கம்பெனிக்கு விற்றார், 1967-ல் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு தட்டிலும் 'சைட்வைண்டர்' மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்ற நெருக்கடி அந்தக் கடைசி வருடங்களின் தட்டுகளிலேயே கேட்கும்.

அப்போ கலைஞர்களே லேபிள் ஆரம்பிச்சா பிரச்சினை தீர்ந்திடுமே?

முயன்றார்கள். மிங்கஸும் ரோச்சும் 1952-ல் டெபியூ லேபிளைத் தொடங்கினார்கள். 1953-ல் டொராண்டோ மேஸி ஹாலில் பார்க்கர், கில்லெஸ்பியோடு அவர்கள் வாசித்த புகழ்பெற்ற கச்சேரி அதில்தான் வெளிவந்தது. சில வருடத்தில் லேபிள் நின்றுபோனது. காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது: மாஸ்டர் உங்களுடையது ஆனாலும் விநியோகஸ்தர் உங்களுடைய ஆள் இல்லை.

1971-ல் சார்லஸ் டோலிவரும் ஸ்டான்லி கவலும் தொடங்கிய ஸ்டிராட்டா-ஈஸ்ட் வேறு வழி பார்த்தது. பதிவுச் செலவு கலைஞருடையது, மாஸ்டரும் அவருடையது, அச்சும் விநியோகமும் லேபிள் பார்க்கும். இன்னும் புத்திசாலித்தனமான வழி, லேபிளை விட்டுவிட்டு மெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது. சாக்ஸஃபோன் கலைஞர் ஜிஜி கிரைஸ் 1950-களிலேயே சொந்தப் பப்ளிஷிங் கம்பெனி வைத்து, மற்றவர்களையும் அப்படிச் செய்யச் சொன்னார். ஹொரேஸ் சில்வரும் வைத்தார். 'சாங் ஃபார் மை ஃபாதர்' மாஸ்டர் கை மாறிக்கொண்டே போனாலும் மெட்டு அவரிடமே இருந்தது.

இணையம் வந்த பிறகு மரியா ஷ்னைடர் ரசிகர்களிடமே முன்பணம் வாங்கித் தட்டு போட்டார். கடைக்கே போகாத அந்தத் தட்டுக்கு 2005-ல் கிராமி கிடைத்தது.

ஐரோப்பாவுல அதே பழைய தட்டு வேற கம்பெனி பேர்ல பாதி விலைக்கு வருதே, அது கள்ளப் பிரதியா?

பெரும்பாலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மாஸ்டர் உரிமை 50 வருடமாக இருந்து, 2013-ல் 70 ஆனது. ஆனால் அதற்குள் காலாவதியான பதிவுகளுக்கு உரிமை திரும்பவில்லை. 1962 வரை வெளியான தட்டுகள் எல்லாம் அதில் விழுந்தன, அதாவது ஜாஸின் பொற்காலம் முழுவதும். மெட்டின் உரிமை தனி, அதற்கு அவர்கள் பணம் கட்டியாக வேண்டும்.

சட்டப்படி சரி என்பதால் வாங்குவேனா என்றால் மாட்டேன். மூல டேப் அவர்களிடம் இருக்காது. பழைய சிடியிலிருந்தோ தட்டிலிருந்தோ எடுத்து அடிக்கிறார்கள், சத்தத்தில் தெரிந்துவிடும். அமெரிக்காவிலோ மாஸ்டர் உரிமை மிக நீளம். கிங் ஆலிவரின் 1923 பதிவுகள் 2024-ல்தான் பொதுச்சொத்தாயின.

ஹிப்-ஹாப்காரங்க பழைய ஜாஸ்ல ஒரு துண்டு எடுத்துப் போடுறாங்களே, அந்தக் காசு யாருக்கு?

இரண்டு சொத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அஸ்-த்ரீ குழு 'கேண்டலூப்' பாட்டுக்குப் பியானோக் கலைஞர் ஹெர்பி ஹேன்காக்கின் 1964 பதிவை எடுத்தது. மாஸ்டருக்கு ப்ளூ நோட், மெட்டுக்கு ஹேன்காக். அந்தப் பாட்டைச் சுமந்த தாளத்தை வாசித்தவர்கள் டோனி வில்லியம்ஸும் ரான் கார்ட்டரும். சங்கக் கூலி வாங்கிய பக்கவாத்தியக்காரர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை மேலே பார்த்தோம். டிரம்ஸ் வாசிப்பை மெட்டாகக் கருதாத வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்ட்ரீமிங்ல ஜாஸ் ஏன் இவ்ளோ கஷ்டப்படுது?

30 விநாடி கேட்டால் ஒரு கணக்கு. மூன்று நிமிடப் பாட்டும் ஒன்று, இருபது நிமிடக் கோல்ட்ரேனும் ஒன்று. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு மாஸ்டர் பணமே கிடையாது. சிறு கலைஞர்களின் நீளமான பதிவுகள் பல அதில் அடிபடும். அதனால்தான் அவர்கள் கச்சேரி முடிந்ததும் மேடையோரம் மேசை போட்டுத் தட்டு விற்கிறார்கள். அங்கே ஒன்று வாங்கினால் அவருக்கு நேராகப் போய்ச் சேரும்.

நாங்க நாலு பேர் சேர்ந்து ஜாஸ் ஆல்பம் போடலாம்னு இருக்கோம். முதல்ல என்ன செய்யணும்?

பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதுங்கள்: மாஸ்டர் யாருக்கு எத்தனை சதவீதம், ஒவ்வொரு மெட்டும் யாருடையது, பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு ஒரு தடவைக் கூலியா, பங்கா. நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள்.

பழைய பாட்டை வாசிப்பதானால், மேலே சொன்ன சட்ட நிர்ணயத் தொகை அமெரிக்காவில் தட்டுக்கும் டவுன்லோடுக்கும்தான் பொருந்தும். அதே வாசிப்பை வீடியோவாகப் போட அந்த அனுமதி செல்லாது, பப்ளிஷரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். முதல் ஆல்பத்தில் பாதியாவது சொந்த மெட்டாக இருக்கட்டும்.